முதலில் கானை மூடுங்கள்

மலையக வீதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியியலாளர்களுக்கும், சைக்கிள் சுற்றுலாவை இங்கே கொண்டுவர வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவன். பன்னிரண்டு வருடமாகச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இங்கே, "சேர், ஆட்டோவுக்குக் காசில்லையா?" என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு. மலையில் பிறந்தவனுக்குக் கால்தான் வண்டி, சைக்கிள் சமவெளிக்காரன் சாமான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி ஒருவன் கொழும்புக்கு மாறிப் போகும்போது தன் பழைய கியர் சைக்கிளை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். அதிலிருந்து பிடித்தது பைத்தியம்.

இப்போது நான் தனியாள் இல்லை. மழை விட்ட மாதங்களில், ஹெல்மெட்டும் இறுக்கமான காற்சட்டையுமாக நாலைந்து பேர் சேர்ந்து ஏறி வருவதை அடிக்கடி பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமல்ல, கொழும்புப் பையன்களும் வருகிறார்கள். வரட்டும். அவர்கள் தேர்ந்தெடுக்கும் பாதைகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பளையில் ஐந்நூறு மீற்றரைத் தொடாத உயரத்தில் தொடங்கி, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று ஏறி, நுவரெலியாவில் 1,868 மீற்றரில் போய் நிற்கும் ஏ5 வீதியைப் போல ஒரு ஏற்றம் இந்தத் தீவில் வேறெங்கே இருக்கிறது? மூச்சு வாங்கும், ஆனால் நெஞ்சடைக்காது. கோப்பிக் காலத்து மாட்டு வண்டிக்காக வெட்டின பாதைகள் இவற்றில் பல. மாடு இழுக்கிற ஏற்றத்தை மனிதன் மிதிக்கலாம். அவசரமில்லாமல் வளைந்து வளைந்து போவதற்குக் காரணம் அதுதான்.

மற்றப் பக்கம் ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி, கொஸ்லந்தை வழியாக தியலும அருவிக்குக் கீழே போகும் வீதி. எல்லவிலிருந்து வெல்லவாய வரை இராவணா எல்ல அருவியை உரசிக்கொண்டு இறங்கும் ஏ23. எங்கள் ஏ7, அவிசாவளையில் வேர்வையோடு தொடங்கி, கினிகத்தேனையில் நனைத்து, ஹட்டனில் குளிரூட்டி, டெவன், சென்கிளேயர் அருவிகளைக் காட்டிக் கூட்டிவரும். சென்கிளேயரில் முன்பு போலத் தண்ணீர் இல்லை, மேல்கொத்மலை மின்நிலையத்துக்குப் போகிறது. அது வேறு கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கூட்டங்களைப் பற்றிப் பத்திரிகையில் வரும்போதெல்லாம் தனிச் சைக்கிள் பாதை, வழிகாட்டிப் பலகை, ஓய்விடம், செல்பி எடுக்கும் மேடை என்றெல்லாம் வாசிக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீதியோரக் கானை, மழைத்தண்ணீர் ஓடும் அந்த வடிகாலை, மூடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சைக்கிளுக்கு ஆபத்து இறக்கத்தில்தான் என்று நினைப்பார்கள். பிரேக் கட்டை தேயும், றிம் சுடும், மூடுபனியில் வளைவு தெரியாது, அதெல்லாம் உண்மை. ஆனால் இறங்கும்போது நான் லொறியின் வேகத்திலேயே போகிறேன். பின்னால் வருகிறவன் என்னை முந்தத் தேவையில்லை. ஏறும்போதுதான் எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் ஊர்கிறேன். பின்னால் வரும் பஸ் கியர் குறைக்க மனமில்லாமல் ஹோர்ன் அடிக்கிறது. நான் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். அங்கே என்ன இருக்கிறது? தார் முடிகிற இடத்திலேயே திறந்த கான். நான் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்த ஓரிடத்தில் ஒன்றரை அடி ஆழம். தாருக்கும் கானுக்கும் இடையில் ஒரு சாண் மண்கூட இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம், லிந்துலைக்கு மேலே, தூறல். பின்னால் ஒரு பஸ், முன்னால் வளைவுக்குள்ளிருந்து ஒரு தேயிலைக் கொழுந்து லொறி. நான் ஒதுங்கினேன், முன்சில்லு கானுக்குள் இறங்கியது. சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. எழும்பிப் பார்த்தால் முழங்கை கிழிந்து கிடக்கிறது, சில்லு எட்டாக மடங்கியிருக்கிறது, கானில் ஓடும் தண்ணீர் என் சப்பாத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கூடையோடு இறங்கி வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையைக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டே சொன்னார்: "கான் பக்கம் விழுந்தீங்க சேரு, எந்திரிச்சீங்க. அந்தப் பக்கம் விழுந்திருந்தா ஸ்டோரு கூரையில தான் தேடியிருக்கணும்." கீழே பார்த்தேன். தொழிற்சாலைக் கூரை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ஏழு தையல்.

அந்தக் கான் என்னை மட்டும் பிடிப்பதில்லை. பாடசாலை விட்டதும் பிற்பகல் ஒன்றரை மணிக்கு எங்கள் பிள்ளைகள் அதே ஓரத்தால் வரிசையாக நடந்து லயத்து வீடுகளுக்குப் போகிறார்கள். வளைவில் பஸ் சத்தம் கேட்டால் பெரியதுகள் கானைத் தாண்டிக் குதித்து மண்மேட்டில் பல்லியைப் போல ஒட்டிக்கொள்ளும். சின்னதுகளுக்குத் தாண்டக் கால் எட்டாது, கானுக்குள்ளேயே இறங்கி நிற்கும். மழை நாளில் வெள்ளைச் சப்பாத்து சேற்று நிறத்தில்தான் வீட்டுக்குப் போகும். ஒதுங்குவதற்குச் சைக்கிளுக்கு வேண்டிய இரண்டடி ஓரம்தான் இவர்களுக்கும் வேண்டியது. "சைக்கிள் சுற்றுலா" என்ற பெயரில் பணம் வந்தால் வரட்டும், நடக்கிறவனுக்கும் சேர்த்து வேலை நடக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. ஒளிக்க ஒன்றுமில்லை.

எங்கள் வீதிகள் எவ்வளவு தயவு காட்டும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேர். பஸ்ஸுக்கே இடமில்லாத வீதியில் சைக்கிளைக் கூப்பிடுவதா என்று யாராவது கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் கூப்பிடாமலே வந்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளோ கூப்பிட்டு வந்தவர்களே இல்லை.

கானை மூடினால் மண் அடைக்கும், மழைக்காலத்தில் தண்ணீர் வீதிக்கு ஏறும், வீதி அரிக்கும், மண்சரிவு வரும் என்பீர்கள். இதற்கு நான் தயாராகத்தான் வந்திருக்கிறேன். என் அப்பா தோட்டத்தில் முப்பது வருடம் கான் வெட்டினவர். தேயிலை மலையில் கான் வெட்டும்போது இடையிடையே மண் தடுப்பு விட்டு வெட்டுவார்கள். மண் அங்கங்கே தேங்கும், தண்ணீர் அதன்மேல் வழிந்து மெல்லப் போகும். பிறகு தேங்கின மண்ணை அள்ளி மேலே போடுவார்கள். தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கிற அந்த வித்தை நம் ஆட்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். வீதிக் கானிலும் இத்தனை அடிக்கு ஒரு மண் குழி விட்டு, மற்ற இடத்துக்கு இரண்டு பேர் தூக்கக்கூடிய கொங்கிறீட் சிலாப் போட்டால் அள்ளுவதும் சுலபம். அதுவும் முடியாத இடத்தில் செங்குத்துக் கானை இடித்துவிட்டு, தாம்பாளம் போல ஆழமில்லாத அகலக் கான் கட்டுங்கள். சில்லு இறங்கினாலும் ஏறி வரலாம், பிள்ளை நின்றாலும் விழாது. பெரிய தண்ணீர் வரும் இடங்களில் அது போதாது. அங்கே கானைத் தொடவே வேண்டாம்.

எல்லா வீதியையும் கேட்கவில்லை. ஏறுகிற பக்கம் மட்டும். அதிலும் வளைவுகளில் மட்டும். நாம் இடது பக்கம் போகிறவர்கள், ஆகவே ஏறுகிறவனுக்கு இடது கையோரம். கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் தாண்டினால் மலை வலது பக்கம் மாறிவிடும், இடது பக்கம் பள்ளம். அங்கே கான் இருக்காது, வெள்ளையடித்த குத்துக் கற்களும் ஒரு நல்ல ஓரமும் போதும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது கொஞ்ச தூரம்தான்.

தோட்டப் பாதைகளால் சைக்கிளைத் திருப்பிவிடலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. எனக்கும் ஆசைதான். தம்பேத்தென்னவிலிருந்து லிப்டன் இருக்கைக்கு ஏறும் பாதையை ஒருமுறை மிதித்தவன் மறக்க மாட்டான். ஆனால் 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டப் பாதையில் பிரதேச சபை காசு செலவழிக்கவே வழியில்லை. அதற்குப் பிறகும் முழங்கால் அளவு குழிகள் அப்படியேதான் கிடக்கின்றன. 2025 நவம்பர் கடைசிப் புயல் மழைக்குப் பின் இன்னும் மோசம். அதைச் செய்யும்போது செய்யுங்கள். வீதிக் கானுக்கு அதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. அட்டவணை போடுவதாக இருந்தால் மலைக்கு இரண்டு பருவமழை என்பதை மறக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் நனைந்து கிடக்கும்போது பதுளை, வெலிமடைப் பக்கம் காய்ந்திருக்கும். மார்கழியில் தலைகீழ். அதோடு டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். வார இறுதியில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வரை இரவு பகலாக வேன் போகும். அந்த நாட்களில் யாரையும் அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து நானுஓயா வரை ஏறுகிற பக்கத்தில், நடந்தும் மிதித்தும் போய்ப் பார்த்து, கான் மிக மோசமான பதினொரு வளைவுகளைக் குறித்திருக்கிறேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மண்மேட்டுக் கல்லில் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கிறேன். ஏழாம் எண்ணில்தான் என் சில்லு மடங்கியது. எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் கூட வருகிறேன், வீட்டில் இன்னொரு சைக்கிளும் இருக்கிறது. ஆனால் மே மாதத்துக்கு முன்னால் வாருங்கள். மழை தொடங்கினால் சுண்ணாம்பு நிற்காது.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு சைக்கிள்கார ஆசிரியர்