புள்ளிக் கணக்கை முதல் வாரத்திலேயே காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடக் கணினிப் பாடத்தின் பெறுபேறு வந்ததும் 'எனக்கு பி பிளஸ் வரவேணும், ஏன் பி வந்தது?' என்ற முறைப்பாடும் கூடவே வருகிறது. செய்முறை 20, ஒப்படை 20, இடைப்பரீட்சை 20, இறுதிப் பரீட்சை 40 என்பதுபோல ஒரு வரி பாடத்திட்டத்தில் இருக்கும். அந்த வரியிலிருந்து தரம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பதில்லை.

நான்கு ஒப்படைகளில் மூன்றுக்கு 70 எடுத்தவர் நான்காவதைக் கொடுக்கவில்லை என்று வையுங்கள். எக்செல் தாளில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் 'ஆவரேஜ்' அதைக் கணக்கிலெடுக்காது; சராசரி 70. அதே கட்டத்தில் 0 அடித்தால் 52.5. புள்ளி பதிபவர்கள் இருவரானால் ஒரே வகுப்பில் இரண்டு நீதி நடக்கும். மருத்துவச் சான்றிதழ் தந்தவருக்கு எது, தராதவருக்கு எது என்று முன்பே எழுதிவைக்க வேண்டும்.

தசமத்திலும் இதே குழப்பம்தான். 65 இலிருந்து பி பிளஸ் என்று பாடம் வகுத்திருந்தால், 64.5 ஐ எக்செலின் 'ரவுண்ட்' (முழு எண்ணாக்கும் சூத்திரம்) 65 ஆக்கும். பைதன் நிரல்மொழியின் 'ரவுண்ட்' 64 ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்கே கொண்டுபோகும். எக்செலில் தசமத்தை மறைத்துவிட்டால் 64.7 உம் 65 என்றுதான் தெரியும். தரம் போடும் சூத்திரமோ உள்ளே கிடக்கும் 64.7 ஐப் பார்த்து பி போடும். 65 என்று அச்சான தாளோடு வந்து நிற்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? பி பிளஸ்ஸுக்குத் தரப்புள்ளி 3.3, பிக்கு 3.0. சிறிய வித்தியாசம் அல்ல.

மென்பொருளே ஒப்படையைத் திருத்தும் இடங்களில் பாதிப்பு இன்னும் கூட. அது மாணவரின் நிரல் தரும் வெளியீட்டை எதிர்பார்த்த விடையோடு எழுத்துக்கெழுத்து ஒப்பிடுகிறது. பைதனில் உள்ளீட்டை வாங்கும் 'இன்புட்' கட்டளையின் அடைப்புக்குள் 'எண்ணைத் தருக' என்று எழுதினால் அந்தச் சொற்களும் வெளியீட்டில் சேர்ந்துவிடும். விடை சரியாயிருந்தும் எல்லாச் சோதனையும் பிழையாகும். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்காமல், இங்கே வந்து முதன்முதலில் நிரல் எழுதும் மாணவர்தான் பெரும்பாலும் இதில் அடிபடுகிறார். ஒப்படைத் தாளிலேயே இரண்டு மாதிரி உள்ளீடுகளையும் அவற்றுக்குரிய வெளியீடுகளையும் தந்து, ஓரத்து வெற்றிடங்களை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் இதில் பெரும்பகுதி தீரும்.

ஒப்படைப் புள்ளியில் ஒரு பங்கை வாய்மொழி விளக்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். நிரலில் ஒரு நிபந்தனையை மாற்றி, இனி என்ன வெளியீடு வரும் என்று கேட்டால், விளங்கி எழுதியவர் யார், நண்பரிடமோ செயற்கை நுண்ணறிவிடமோ வாங்கிக் கொடுத்தவர் யார் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கற்பனை மாணவர் ஒருவரின் புள்ளிகளை வைத்து, முதல் ஒப்படையிலிருந்து இறுதித் தரம் வரை கணக்கைச் செய்து காட்டும் ஒரு பக்கத்தை ஒவ்வொரு துறையும் முதல் வாரமே அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். இறுதிப் பரீட்சையில் தனியாகக் குறைந்தபட்சப் புள்ளி எடுக்க வேண்டுமென்றால் அதுவும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

கணினி விரிவுரையாளர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.