மஞ்சள் பூவின் தாயைத் தேட உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் புல்மன் நகரிலும், எல்லை தாண்டினால் வரும் ஐடஹோவின் மாஸ்கோ நகரிலும் சாலையோரங்களில் தானாக முளைத்து மஞ்சளாகப் பூக்கும் டிராகோபோகன் மிசெல்லஸ் என்னும் செடியின் கலப்புப் பிறப்பைப் பற்றிய என் ஆய்வேட்டை இந்த மாதம் ஒப்படைத்துவிட்டேன். அதற்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல்.

ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய டூபியஸ், பிராடென்சிஸ் என்னும் இரு இனங்கள் கலந்து, குரோமோசோம்கள் 12 என்பது 24 ஆகி, இச்செடி தனி இனமாகிவிட்டது என்று தாவரவியலாளர் மரியன் ஓன்பி 1950இல் எழுதினார். புல்மன் செடிகளுக்கு டூபியஸ் தாய், இதழ்கள் நீளம். மாஸ்கோ செடிகளுக்குப் பிராடென்சிஸ் தாய், இதழ்கள் குட்டை. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்) தாய்வழியே வருவதால் அதன் டிஎன்ஏவைக் கொண்டு இதைச் சரிபார்ப்பதே என் வேலை.

ஓன்பியின் பெயர் தாங்கிய உலர்தாவரக் காப்பகத்தில் காய்ந்த செடிகளை ஒட்டிய பழைய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இதழை அளக்கும்போது மூச்சுக்காற்றுகூடப் படாமல் பார்த்துக்கொண்ட காப்பாளருக்கு முதல் நன்றி. நான் மிசெல்லஸ் என்று சீட்டு எழுதி வைத்திருந்த ஒரு செடியின் வேர்நுனியை நசுக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து, "பன்னிரண்டுதான் இருக்கிறது" என்று சொன்ன ஆய்வகத் தோழிக்கு அடுத்த நன்றி. அது குரோமோசோம்கள் இரட்டிக்காத மலட்டுக் கலப்பினம். அதன் விதைகள் திரண்ட பஞ்சு உருண்டையை ஊதியபோது பறந்தவற்றில் பெரும்பாலும் சூம்பிப்போன பதர்களே இருந்தன என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இந்தப் பூக்கள் நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். ஆகவே மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையிலேயே வந்து கதவைத் தட்டிய என்னை முகஞ்சுளிக்காமல் வரவேற்றதோடு, புல்வெட்டும் ஆள் களையென்று சீவிவிடாதபடி ஒவ்வொரு செடியருகிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டு வைத்த புல்மன் நகரத்துப் பாட்டிக்கு நான் பட்ட கடன் பெரிது. முந்தைய ஆண்டு வேறோர் இடத்தில் அடையாளமிட்ட செடிகளை ஒரே காலையில் இழந்தவன் என்பதால் அந்தக் குச்சிகளின் அருமை எனக்குத் தெரியும்.

பாட்டி, உங்கள் வேலியோரச் செடிக்குத் தாய் எது என்று கேட்டிருந்தீர்கள். டூபியஸ்தான்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவன்