டீனுக்கு அல்ல, மகளுக்கு

பாளையங்கோட்டை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வடக்கு வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றதை நேரில் சொல்கிறேன். போன ஞாயிறும் உன் போன் வரவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால் "மீட்டிங் அத்தை" என்கிறார். "ராத்திரி தூங்குறதே இல்ல" என்றும் சொன்னார், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்குக் குரூப் மாறிய ரத்தத்தை ஏற்றியதாக. அந்தப் பெண் தேறி வருகிறாள் என்று போட்டிருந்தார்கள், முருகன் காப்பாற்றினான். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. உன் ஆஸ்பத்திரி, உன் பொறுப்பு. "சம்பந்தப்பட்டவர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என டீன் தெரிவித்தார்" என்று கடைசி வரி. யார் சம்பந்தப்பட்டவர்கள் என்றும் நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ரத்தம் மாறுவது ரத்த வங்கியைவிட வார்டில்தான் அதிகம். டெக்னீஷியன் குரூப் பார்த்தது சரியாகவே இருக்கும். அவன் கைக்கு வந்த ட்யூபில் இருந்தது வேறொருத்தியின் ரத்தம். ராத்திரி பயிற்சிக்கு வந்த ஒரு ஹவுஸ் சர்ஜன் கிட்னி ட்ரேயில் நாலைந்து ட்யூபை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக எடுத்துக்கொண்டே போவான். கட்டிலருகே எழுத இடமில்லை, வெளிச்சமும் இல்லை. மேஜைக்கு வந்து கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பெயர் எழுதுவான். கெட்டிக்காரப் பையன் என்றால் எல்லா ட்யூபிலும் முன்னாலேயே பெயர் எழுதிக்கொண்டு கிளம்புவான், அது இன்னும் மோசம். ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள் இருப்பது நம் பக்கம் அதிசயமா? இரண்டு பேருக்கும் புருஷன் பெயர் முருகன் என்றால்? அடுத்தடுத்து அட்மிஷன் போட்டவர்கள், உள்நோயாளி (ஐ.பி.) நம்பரில் கடைசி எண் மட்டும்தான் வேறு.

"உங்க பேரு மாரியம்மாளா?" என்று கேட்கக் கூடாது. வலியில் இருக்கிறவள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பாள். "உங்க பேரு என்னம்மா, வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். கைப்பட்டையில் உள்ள நம்பரை ரத்தம் கேட்கும் படிவத்தோடு ஒத்துப் பார்த்து, எடுத்த பிறகு, கட்டிலை விட்டு நகர்வதற்கு முன் லேபிள் எழுத வேண்டும். ஒரு நோயாளி, ஒரு ட்ரே, முடித்துவிட்டு அடுத்தவள். இதற்கு சர்க்குலர் வேண்டாம். எழுதுவதற்குப் பலகையுள்ள ஒரு சின்ன ட்ராலி, கயிற்றில் கட்டிய பேனா, கட்டிலருகே எரிகிற பல்பு, அறுந்து போகாத கைப்பட்டை. இவை இருக்கின்றனவா என்று நீயே ராத்திரி ஒரு மணிக்குப் போய்ப் பார். பகலில் போனால் எல்லாம் இருக்கும்.

இரண்டாவது சாம்பிள் விதி உங்களிடம் இருக்கிறதா? ஏற்கெனவே குரூப் பதிவு இல்லாத நோயாளி என்றால் வேறொரு நேரத்தில், வேறொருவர் எடுத்த இரண்டாவது சாம்பிளோடு ஒத்துப் போனால்தான் அதே குரூப் பையை ரத்த வங்கி கொடுக்க வேண்டும். இதை எப்படிக் கெடுப்பார்கள் தெரியுமா? ஒரே குத்தில் இரண்டு ட்யூப் எடுத்து, ஒன்றைப் பாக்கெட்டில் வைத்திருந்து, அரை மணி கழித்து அனுப்புவார்கள். விதிப்படி நடந்த மாதிரியே இருக்கும், பிழை மட்டும் இரட்டிப்பாக உறுதியாகிவிடும். சோம்பேறித்தனத்தால் மட்டும் இதைச் செய்வதில்லை. இரண்டாவது முறை எடுக்க ஆள் இல்லை என்பதாலும் செய்கிறார்கள். கர்ப்பகால அட்டையில் எழுதிய குரூப்பை நம்பி ரத்தம் ஏற்ற முடியாது, ஆனால் அதுவும் சாம்பிளும் முரண்பட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அந்த அட்டையைப் பார்க்கும்படி யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

அடுத்தது இரண்டு கையெழுத்து. பை வந்ததும் கட்டிலருகே இரண்டு பேர் நின்று பெயர், நம்பர், குரூப், பை எண், காலாவதித் தேதி எல்லாம் வாசித்துப் பார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும். சரி. ராத்திரி அந்த வார்டில் எத்தனை ஸ்டாஃப் நர்ஸ்? போதனா மருத்துவமனை வார்டுக்கு மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்தால் எந்த சிஸ்டருக்கும் சிரிப்புதான் வரும். ஒருத்தி மட்டும் இருக்கும் இடத்தில் இரண்டு கையெழுத்து கேட்டால் இரண்டாவது கையெழுத்து பொய்யாகத்தான் இருக்கும். காலையில் டூட்டிக்கு வந்தவள் போடுவாள், அல்லது மேல்படிப்புப் படிக்கிற பி.ஜி. டாக்டர் மேஜையிலிருந்தபடியே போடுவான். பிறகு விசாரணையில் அந்தக் கையெழுத்தை எடுத்து வைத்து "நீ பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே" என்பார்கள். இதை நீ யோசித்திருப்பாய், நீ புத்திசாலிப் பெண். டீன் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு வந்தது சும்மாவா? தெருவில் எல்லோரும் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வார்டுப் பிள்ளைகளுக்கு மெமோ கொடுக்க அவசரப்படாதே. ஒழுங்கு நடவடிக்கை விதி 17-ஏ ஆனாலும் 17-பி ஆனாலும் நம்பர் போட்டு அனுப்பிவிட்டால் பிறகு அது உன் கையில் இல்லை. இன்க்ரிமெண்ட், புரமோஷன் எல்லாம் வருஷக்கணக்கில் தொங்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். மெமோ முதலில் போனால் உண்மை அப்புறம் வராது. யூனியன்காரர் சொல்லிக் கொடுத்த மூன்று வரி எக்ஸ்பிளனேஷன்தான் வரும். என்ன நடந்தது என்று கண்டறிவது ஒரு குழு, ஒழுங்கு நடவடிக்கை வேறு குழு, முதல் குழுவிடம் சொன்னது இரண்டாவதற்குப் போகாது என்று நீ எழுத்தில் கொடுத்தால்தான் அந்தப் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். உன் அறைக்கு அழைத்து நிற்க வைத்துக் கேட்காதே. சம்பவம் நடந்த வார்டில், அதே நேரத்தில், அதே ட்ரேயோடு அவர்களை நடந்து காட்டச் சொல். யார் செய்தது என்று ஆரம்பிக்காமல் முதலில் என்ன, அப்புறம் என்ன என்று கேள். குழுவில் ரத்த வங்கி டெக்னீஷியனும் சாம்பிள் தூக்கிக்கொண்டு ஓடும் அட்டெண்டரும் இருக்கட்டும். யூனிட் சீஃப் கடைசியில் பேசட்டும். சீஃப் முதலில் பேசினால் மற்றவர்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது, உனக்குத் தெரியாததா.

தப்பு என்பது தெரிந்தே ரத்தம் எடுக்காமல் எடுத்ததாக எழுதினால், குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தால். அதற்கு நடவடிக்கை எடு, யார் வேண்டாம் என்றார்கள்? அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் இதே நடந்திருக்குமா என்று கேட்டுப் பார். ஆமாம் என்றால் ஆளை மாற்றி என்ன பயன்? சாம்பாரில் உப்பில்லை என்று பரிமாறுகிறவனைத் திட்டுகிற கதைதான்.

சாப்பிடுகிறாயா ஒழுங்காக? பி.பி. மாத்திரையை விட்டுவிடாதே. கோயில் கொடைக்கும் வரவில்லை, பெரியத்தை கேட்டாள். டி.வி. மைக்குக்கு முன்னால் பேச நேரம் இருக்கிறது.

போதனா மருத்துவமனையில் வேலை செய்யும் கை எல்லாம் படிக்கிற கை. அதுதான் மற்ற ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் வித்தியாசம். பிரசவப் பிரிவான ஓ.ஜி.யில் ஹவுஸ் சர்ஜனுக்கு 7 வாரம்தான். பழகும்போது போய்விடுவான், அடுத்தவன் முதலிலிருந்து வருவான். அதனால் நீ போன மாதம் எடுத்த கிளாஸ் இந்த மாதம் வார்டில் இருக்காது. ஒவ்வொரு பேட்ச்சும் வருகிற முதல் நாளே, லெக்சர் ஹாலில் இல்லை, வார்டிலேயே, நிஜ ட்யூபையும் நிஜப் படிவத்தையும் வைத்து இருபது நிமிஷம் போதும். பிறகு ஒவ்வொருவனும் மூன்று நோயாளிகளிடம் சரியாக எடுப்பதை ஒருவர் கூட நின்று பார்த்து லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கட்டும். துறைத் தலைவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், டாக்டர் லாக் புக்கில் நர்ஸ் கையெழுத்தா என்று. ராத்திரி அந்தப் பையனோடு வார்டில் இருக்கப் போவது அவள்தான் என்று சொல்.

சர்க்குலர் அனுப்பி எல்லா வார்டிலும் ஒரே நாளில் ஆரம்பிக்காதே. ஆபரேஷன் தியேட்டர் செக்லிஸ்ட் கதை உனக்குத் தெரியும். டெல்லி உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரிகளில் கூடவே இருந்து பழக்கியபோது சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்தன, 2009-இல் வந்த ஆய்வு. செக்லிஸ்டின் அதே 19 வரிகளைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கினார்கள். 2014-இல் வந்த ஆய்வில் 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்தால் சொல்லும்படி எந்த மாற்றமும் இல்லை. டிக் மட்டும் நூற்றுக்கு நூறுக்குப் பக்கம். நம் ஊரில் கேட்கவே வேண்டாம், தரச்சான்றுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒரே பேனாவில் மூன்று மாத ரிஜிஸ்டரை நிரப்புவார்கள்.

ஒரு வார்டு, ஒரு ஷிஃப்ட், ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு ராத்திரி. ட்ராலி கட்டிலுக்கு நடுவே போகவில்லை என்றால் மறுநாள் சின்ன ட்ராலி. அது சரிப்பட்ட பிறகு அடுத்த ஷிஃப்ட், அதற்கப்புறம் அடுத்த வார்டு. கூடவே ஒரே ஒரு கணக்கு. லேபிள் சரியில்லை என்று ரத்த வங்கி திருப்பியனுப்பிய சாம்பிள்கள், நூற்றுக்கு எத்தனை, வாரத்துக்கு ஒரு புள்ளி. அந்தத் தாளை உன் அறையில் மாட்டாதே, வார்டில் மாட்டு. நடுக்கோடு ஒன்று போட்டுக்கொள். வரிசையாக ஆறு புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால்தான் ஏதோ நிஜமாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாரம் ஏறிவிட்டது என்று மீட்டிங் போட்டுக் கத்தாதே. முதலில் கணக்கு ஏறத்தான் செய்யும், ஏனென்றால் இதுவரை டெக்னீஷியன் பயந்து பேனாவால் திருத்த விட்ட ட்யூபெல்லாம் இப்போது திரும்பி வரும். திருத்த விடக் கூடாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பி.ஜி. போனில் கத்துவான், "பேஷண்ட் செத்தா நீ பொறுப்பா" என்பான். அந்த நேரத்தில் டெக்னீஷியன் பக்கம் டீன் நிற்பாரா மாட்டாரா என்பதை ஆஸ்பத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பி.ஜி.களுக்கு எப்படியும் தீசிஸ் எழுத வேண்டும். எங்கேயோ போய்த் தலைப்பு தேடாமல் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேரை உங்கள் வார்டுப் பிரச்சினையையே எடுக்கச் சொல். உதவிப் பேராசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், வார்டைச் சரிசெய்ததற்கு யாரும் எதுவும் தருவதில்லை. இரண்டையும் நீ ஒன்றாக்கிவிட்டால் ஆள் தானாக வருவார்கள்.

ஏற்றும்போது முதல் 15 நிமிஷம் யாராவது பக்கத்தில் நிற்கிறார்களா என்றும் பார். மெதுவாக ஆரம்பித்து, ஆரம்பிக்கும் முன்பும் 15-ஆவது நிமிஷத்திலும் நாடி, பி.பி., டெம்பரேச்சர். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, ஏறுகிற நரம்பில் எரிச்சல், சிறுநீர் கறுத்துப் போவது. மயக்கத்தில் இருப்பவள் எதையும் சொல்ல மாட்டாள், பி.பி. இறங்குவதும் ரத்தம் கசிவதும்தான் தெரியும். சந்தேகம் வந்ததும் ரத்தத்தை நிறுத்த வேண்டும், ஆனால் ஊசியைப் பிடுங்கக் கூடாது. ரத்தம் ஏற்றும் செட்டை மாற்றி சலைனில் லைனைக் காப்பாற்றி, பையையும் செட்டையும் புது சாம்பிளோடு ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெண் பிழைத்தாள் என்றால் யாரோ ஒருத்தி சரியான நேரத்தில் பார்த்து நிறுத்தியிருக்கிறாள். அது யார் என்று விசாரித்தாயா? ஏற்றியவளே நிறுத்தியவளாகவும் இருக்கலாம்.

மெமோ விஷயம் மேலே சொல்லிவிட்டேன், மறுபடி சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி அந்த வார்டில் இருந்துவிட்டு வா. மாப்பிள்ளையிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன், சின்னவனுக்கு முறுக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இதைப் பற்றிப் பேச வேண்டாம், சும்மா பண்ணு.

அன்புடன்
அம்மா

பி.கு. இரண்டாவது சாம்பிள் விதியைக் கொண்டுவந்தால் ஓ.ஜி.க்காரர்கள் முதலில் சொல்லப் போவது "பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போது எங்கே காத்திருப்பது?" என்றுதான். அவர்கள் சொல்வதும் நியாயம். இரண்டாவது சாம்பிள் வரும்வரை ஓ குரூப் சிவப்பணு கொடுக்கலாம், பிள்ளை பெறும் வயது என்பதால் நெகட்டிவ்தான் முதலில். அது எப்போதும் தட்டுப்பாடுதான், எனவே விதியை அறிவிக்கும் முன் ரத்த வங்கி ஆபீசரோடு உட்கார்ந்து லேபர் வார்டுக்கென்று எத்தனை பை எப்போதும் இருக்க வேண்டும், ஒன்று எடுத்தால் யார் யாரிடம் சொல்லி நிரப்புவது என்று முடிவு செய்துகொள். ராத்திரிக்கும் சேர்த்து.