மூன்றே ஆட்டங்களில் முடிந்தது ஏன்?

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கால்பந்துக் கட்டுரையில் ஆண்ட்ரூ வாட்சனையும் ஆர்தர் வார்ட்டனையும் ஒரே ஆளாக்கிவிட்டீர்கள். ஆப்பிரிக்காவின் அக்ராவில் பிறந்த வார்ட்டன் கோல்கீப்பர். காசு வாங்கி ஆடிய முதல் கறுப்பின வீரராக அறியப்படுபவர். வாட்சன் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர், ஃபுல்பேக் (கோல்கீப்பருக்கு முன்னால் நின்று காக்கும் பின்வரிசை ஆட்டக்காரர்), காசு வாங்காமல் ஆடிய அமெச்சூர். 1856இல் பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், கரும்புத் தோட்ட முதலாளி. அம்மா ஹன்னா ரோஸ் அந்த ஊர்க்காரர்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர், பார்க்குரோவ் அணியில் ஆடிவிட்டு 1880இல் அதே நகரின் குயின்ஸ் பார்க் அணியில் சேர்ந்தார். 1881 மார்ச் 12 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்துக்குக் கேப்டன். முடிவு 6-1. சொந்த மண்ணில் இங்கிலாந்து வாங்கிய மிகப் பெரிய அடி இன்றுவரை அதுதான். இரண்டே நாளில் ரெக்ஸமில் வேல்ஸை 5-1. அடுத்த ஆண்டு கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் மறுபடி இங்கிலாந்து, 5-1. ஸ்காட்லாந்துக்காக அவர் ஆடியது இந்த மூன்றே ஆட்டங்கள்.

அன்றைய ஃபுல்பேக்கின் வேலையை இன்றைய கண்ணால் பார்த்தால் புரியாது. ஸ்காட்லாந்து நின்றது 2-2-6 என்ற வரிசையில்: பின்னால் இரண்டே பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் ஆறு ஃபார்வர்டுகள். ஆஃப்சைடு விதியோ மூன்று பேர் கணக்கு. பந்து முன்னே வரும்போது தனக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே மூன்று எதிராளிகள் இல்லையென்றால் ஃபார்வர்டு ஆஃப்சைடு. ஆகவே பேக்குகளில் ஒருவர் சரியான நொடியில் அவனைத் தாண்டி முன்னேறிவிட்டால் மிச்சம் கோல்கீப்பரும் இன்னொரு பேக்கும் மட்டுமே, ஆள் மாட்டிக்கொள்வான். ஒரு நொடி பிந்தினால் பின்னால் காக்க இன்னொருவர்தான் இருப்பார். பெனால்டி கிக் வந்தது 1891இல்தான். தோளால் இடித்துத் தள்ளுவதும் விதிக்கு உட்பட்டதே. இரண்டே பேரை வைத்துக்கொண்டு மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து மூன்றே கோல் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்குப் பிறகு வாட்சன் தேசிய அணியில் இல்லாததற்கு, 'ஆட்டம் மங்கியதால் நீக்கப்பட்டார்' என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1882இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். இங்கிலாந்தில் ஆடும் ஸ்காட்லாந்து வீரர்களைத் தேசிய அணிக்கு எடுப்பதில்லை என்பது 1896 வரை ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தின் வழக்கம். எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்களின் கணக்கு இப்படித்தான் பாதியில் நின்றது. வாட்சனின் ஆட்டம் மங்கவே இல்லை. லண்டனில் ஸ்விஃப்ட்ஸ் அணிக்காக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் ஆடினார். 1884இல், அந்தக் கோப்பையை வென்றிருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸைக் கொரிந்தியன்ஸ் அணி 8-1 என்று நொறுக்கியபோதும் கொரிந்தியன்ஸுக்காகக் களத்தில் இருந்தார். குயின்ஸ் பார்க்குடன் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது 1881, 1882, 1886 என மூன்று முறை. நீங்கள் சொல்வதுபோல் ஒரு முறை அல்ல.

பிறகு கப்பல் எஞ்சினியராக வேலை பார்த்து, 1921இல் லண்டன் கியூவில் காலமானார். கல்லறை ரிச்மண்டில் இருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது 'வார்ட்டன்' என்று அச்சான படக்குறிப்பையும் மாற்றிவிடுங்கள்.

வாசகர்,
திருச்சி