அரசமரத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

ஆலய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்பாள் அருளால் கோயில் பின்புறத் திருப்பணி தைப்பூசத்துக்கு முன்பே முடிந்தது. மதில், வடிகால், மேடை ஆகியவற்றின் வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். இங்கே மரங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன ஆடித் திருவிழாவில் அரசமரத்தின் கிழக்குக் கிளையில் இலை சிறுத்து மஞ்சளாகிக் கிடந்ததைப் பலரும் பார்த்தோம். வெயிலால் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மேடைக்காக அடிமரத்தருகே தோண்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. வேரைச் சுற்றி மண்ணும் சிறு கல்லும் ஒட்டிய பழுப்புப் பொருக்கு, கழுவினாலும் போகவில்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளுத்த கட்டையில் தேன்கூடு போலப் பழுப்புக் கோடுகள். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நம் பாட்டி ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது கித்தா காட்டுச் சீக்கு, தம்பி" என்றார். கித்தா என்பது ரப்பர், அதாவது நாம் சொல்லும் பால்மரம். வேர்த் துண்டை ஆய்வுக்கு அனுப்பினோம். அவர் சொன்னது சரிதான்.

இதன் பெயர் பழுப்பு வேர் நோய். பெலினஸ் நாக்சியஸ் என்ற பூஞ்சையால் வருவது. 1932இல் சிங்கப்பூரில் கார்னர் என்ற தாவரவியலாளர் இந்தப் பூஞ்சையை விவரித்தார். பால்மரத்தை மட்டுமல்ல, காட்டு மரம், பழமரம், நிழல்மரம் என்று எதையும் விடாது. வெள்ளை வேர் நோய் வேறு. அதில் வேர்மேல் வெள்ளை நூலாகப் படரும். இரண்டுமே பெரும்பாலும் வேரோடு வேர் தொட்டுத்தான் பக்கத்து மரத்துக்குப் போகின்றன. செத்த வேருக்குள் பழுப்பு நோய்ப் பூஞ்சை பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பழைய மண்டபம் கட்டியபோது ஒப்பந்தக்காரர் பால்மரக் கட்டைகளை வெளியேற்றாமல் அங்கேயே குழி தோண்டி மூடியிருக்கிறார். அன்று கூட நின்று பார்க்காதது செயற்குழுவின் குறை.

அரசமரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. மரத்தடிப் பிள்ளையாரைப் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதிக்கு மாற்றி, பூஜை முடித்த பிறகே கோடாலி வைத்தோம். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கட்டிய மஞ்சள் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஆற்றில் விட்டோம். அன்று பலர் அழுதார்கள். அப்புறம் விரல் தடிமன் வேர்வரை தோண்டி எடுத்தோம். வேம்புக்கும் அந்தக் குழிக்கும் நடுவே பள்ளம் வெட்டி, வேர் தாண்டாதபடி தடித்த பிளாஸ்டிக் தாளை இறக்கி மூடினோம். நான்கு ஞாயிறு எல்லோரும் கூடிச் செய்த கோத்தோங் ரோயோங்கில் இளைஞர் பிரிவுதான் முன்னால் நின்றது.

மதிலுக்கு வெளியே தோட்டத்துப் பால்மரம், அதற்கப்பால் மலைக்காடு. மலேசியாவின் பேராக்கில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் இது புதிதல்ல. 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்தே இந்த மண்ணில் பால்மர வேர் ஓடுகிறது. நோய் மதிலைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். அதனால் வேலை முடிந்தாலும் கண்காணிப்பு முடியவில்லை. வளாகத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் எண் தகடு அடித்து வரைபடம் போட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிமண்ணைச் சுரண்டி வேர்க்கழுத்தைப் பார்த்து, இலை அடர்த்தியையும் குறித்து வைப்போம். தோட்டத்து மேற்பார்வையாளரிடமும் ஒரு பிரதி கொடுத்தாயிற்று.

புதிய அரசங்கன்று எப்போது என்று பலர் கேட்கிறீர்கள். பழைய குழியில் கண்டிப்பாக இல்லை. வடக்கு மூலையில், மண்ணைச் சோதித்த பிறகு நடுவோம். அதுவரை பிள்ளையார் வேம்படியில் இருப்பார்.

அடுத்த சோதனை பங்குனி முதல் ஞாயிறு, காலை 7.30. மண்வெட்டி கொண்டு வருபவர்கள் வீட்டுக்குத் திரும்பும் முன் ஒட்டிய மண்ணைக் கழுவிவிடுங்கள். மதிலோரம் குழாய் போட்டிருக்கிறோம்.

செயற்குழு