ஷட்டர் பார்த்துத் தூண்டில் போடுகிற ஊர்

தருமபுரி
கார்த்திகை மாதம்

அன்புள்ள மாதையா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் முதலில் நிம்மதியானது உன் தங்கைதான். "அண்ணனை இனிமேலாவது வரப்பு வரப்பாக இழுத்துக்கொண்டு அலையாதீங்க" என்று எனக்குத் திட்டு வேறு. பேத்திக்குக் கிருஷ்ணகிரியிலேயே காலேஜ் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. மாந்தோப்புக் குத்தகை விஷயத்தை நேரில் பேசிக்கொள்வோம். எழுத்தில் ஆரம்பித்தால் சண்டையாகிவிடும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அமெரிக்காவில் போய் மீன் பிடித்தாயாமே, அதென்ன பெரிய மீன், எப்படிப் பிடித்தாய், நம் டேமில் விட்டால் வளருமா?" என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை நீ நம்பமாட்டாய். மீனின் பெயர் ட்ரவுட், குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழ்கிற மீன். அதனால் ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மகன் இருப்பது ஆர்கன்சா மாநிலத்துப் பென்டன்வில்லில். வால்மார்ட் தலைமையகம் அங்கேதான், அதனால் நம்மவர்களுக்குக் குறைவில்லை. அங்கிருந்து கிழக்கே காரில் மூன்று மணி நேரம்போலப் போனால் ஒயிட் ரிவர். ஓசார்க் மலைகளுக்குள் வளைந்து வளைந்து ஓடுகிற ஆறு. அதன் குறுக்கே புல் ஷோல்ஸ் என்று ஒரு அணை, 1951இல் கட்டி முடித்தது, 256 அடி உயரம். மேட்டூரில் 120 அடி நிரம்பினால் நாம் கொண்டாடுகிறோம், உன் கிருஷ்ணகிரி அணைக்கு 52 அடி. அந்த ஆழத்தை மனசில் வைத்துக்கொள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

நாங்கள் போனது அக்டோபரில். மலை முழுக்க இலை பழுத்து மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறது. மதியம் சட்டை வேர்க்கிற வெயில். ஆனால் ஆற்றில் கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர். இடுப்பு வரை ரப்பர் கால்சட்டை மாட்டித்தான் இறங்குகிறார்கள். காலையில் ஆற்றின்மேல் பனிமூட்டம் எழும்பி நிற்கும். தண்ணீர் அத்தனை சில்லென்றும் காற்று கொஞ்சம் சூடாகவும் இருப்பதால் வருகிற மூட்டம் அது. காரணம் இதுதான்: குளிர்காலத்தில் அந்த ஏரித் தண்ணீர் முழுவதும் சில்லிட்டுப் போகிறது. கோடை வந்தால் மேல்தண்ணீர் சூடாகி லேசாகி மேலேயே நின்றுவிடும். குளிர்ந்த தண்ணீர் கனம், அது அடியில் படுத்திருக்கும். மின்சாரம் எடுக்கிற டர்பைனுக்குத் தண்ணீர் எடுப்பது அந்த அடியிலிருந்து. அதனால் ஆகஸ்ட் வெயிலிலும் அணைக்குக் கீழே ஆறு கிணற்றடிபோலக் குளிர்ந்து ஓடுகிறது. ட்ரவுட் மீனுக்கு அந்தக் குளிர் இல்லாமல் உயிர் இல்லை.

அங்கே மீன் பிடிக்கப் போகிறவன் விடிந்ததும் வானத்தைப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறான். அணையில் எட்டு டர்பைன். எந்த மணிக்கு எத்தனை ஓடும் என்று முன்கூட்டியே உத்தேசமாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு டர்பைன் ஓடினால் சுமார் மூவாயிரம் கன அடி. எட்டும் ஓடினால் நீயே பெருக்கிக்கொள். நமக்குக் கன அடிக் கணக்கு புதிதா என்ன? பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் என்று டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா என்று சொல்கிறவர்கள் நாம். என்ன வித்தியாசம் என்றால், நம் காவிரி குடகில் பெய்கிற மழைக்கும் இரண்டு மாநிலச் சண்டைக்கும் ஏறி இறங்கும். அவர்கள் ஆறு ஊரார் வீட்டு ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஏறி இறங்கும். கரண்ட் தேவை கூடினால் மதகு திறக்கும், ஆறு சில அடி உயரும். அக்டோபரில் ஏசியும் இல்லை, ஹீட்டரும் பெரிதாக ஓடாது. அதனால் பல நாள் ஆறு முழங்காலளவு கிடக்கும், திடீரென்று ஒரு சாயங்காலம் சைரன் ஊதும். அணைக்கு அடியில் நிற்பவர்கள் அதைக் கேட்டதும் கரையேற வேண்டும். கூழாங்கல்லில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள், அது முழுகினால் பேச்சை நிறுத்திவிட்டுக் கிளம்பு என்றார் எங்கள் படகுக்காரர். அவர் சொன்னதிலேயே உருப்படியான பேச்சு அதுதான், மற்றதெல்லாம் டிப்ஸுக்காக.

இனி பிடிக்கிற வித்தை. நம் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். முள்ளில் கட்டியிருக்கிற பொய் இரைக்குக் கனமே இல்லை. நரம்புதான் கனம், தடிமனாகப் பூசிய கயிறுபோல இருக்கும். அதைப் பின்னால் சுழற்றி, முழுசாக நீளும்வரை ஒரு நொடி பொறுத்து, முன்னால் விட வேண்டும். அந்த ஒரு நொடிப் பொறுமைதான் நமக்கு வராதது. மகன் பத்தே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான். எனக்கு அரை நாள் ஆனது.

தண்ணீர் குறைந்து கிடக்கும்போது நெல்மணி அளவுகூட இல்லாத முள். கல்லுக்கு அடியில் ஊர்கிற பூச்சிபோல நாலு சுற்று நூலும் ஒரு துளி ரோமமும் கட்டியிருக்கும். கனமான நரம்பின் நுனியில் முள்ளைக் கட்டுகிற இழை மட்டும் முடிபோல மெல்லிசாக. தண்ணீர் கண்ணாடியாக இருப்பதால் நம் நிழல் விழுந்தாலே மீன் போய்விடும். இதில் நிறைய மீன் கிடைக்கிறது, ஆனால் முக்கால்வாசி ஓட்டல் தட்டுக்கு அளவான ரெயின்போ ட்ரவுட் என்கிற வகை. மதகு திறந்த பிறகுதான் ஆட்டமே வேறு. இரையும் ஒரு சாண் நீளம். மானின் ரோமம், சேவல் கழுத்து இறகு, பளபளக்கும் ஜரிகை எல்லாம் வைத்துச் சின்ன மீன்போலவே கட்டியிருக்கிறார்கள், ஸ்ட்ரீமர் என்று பெயர். மூழ்குகிற நரம்பில் அதைக் கட்டிப் படகிலிருந்து கரையைப் பார்த்து வீச வேண்டும். நடு ஆற்றில் வேகம் தாங்காமல் பெரிய மீன் கரையோரம், விழுந்து கிடக்கும் மரத்துக்குப் பின்னால், பாறை மறைவில் ஒதுங்கும். சின்ன மீன்களும் அங்கேதான் ஒதுங்கும். அப்புறம் என்ன, பெரியது சின்னதைத் தின்னும். அந்தப் பெரியது பிரௌன் ட்ரவுட் என்கிற இன்னொரு வகை. அது ஓரளவு வளர்ந்துவிட்டால் பூச்சியை நம்பிப் பிழைப்பதில்லை, சொந்தக் குஞ்சைக்கூட விடாது.

பெரிய மீன் வேண்டுமென்றால் இலையுதிர் காலம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் இங்கே வருகிறது. பிரௌனுக்கு முட்டையிடும் பருவம் குளிர் தொடங்கும்போது. அதற்கு முன்னால் ஆண் மீனுக்கு வெறி பிடித்தாற்போல ஆகிவிடும், தாடை கொக்கிபோல வளையும், பக்கத்தில் எது வந்தாலும் மோதும். ஆனால் அதே காலத்தில் இரண்டு தொல்லையும் உண்டு. ஒன்று, கோடை முழுக்க அடியில் கிடந்த தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலக்கிற வரைக்கும் சில நாள் மீன் சோர்ந்து கிடக்கும், டர்பைனுக்குள் காற்றைச் செலுத்திச் சமாளிக்கிறார்கள். இன்னொன்று யாரும் சொல்லாமல் விட்டது: உதிர்ந்த இலை. ஏறுகிற தண்ணீர் கரையில் கிடந்த இலையையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது. வீசுகிற ஒவ்வொரு வீச்சுக்கும் முள்ளில் ஒரு ஓக் இலை. மீனைவிட இலை அதிகம் பிடித்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

மகனுக்குத்தான் அடித்தது. மூன்று சாண் இருக்கும். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, நடுவில் சிவப்புப் புள்ளி. நாம் செய்வதுபோலக் கம்பைத் தூக்கியிருந்தால் போயிருக்கும். நரம்பைக் கையால் வெடுக்கென்று இழுத்துத்தான் முள்ளை ஏற்ற வேண்டுமாம், இழுத்தான். வலையில் எடுத்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்தின் பக்கம் காட்டிப் பிடித்திருந்து விட்டுவிட்டான். உன் தங்கையிடம் சொன்னபோது, "விடுவதற்கா இவ்வளவு செலவு?" என்றாள். லைசென்ஸ் ஒன்று, ட்ரவுட்டுக்குத் தனி அனுமதி ஒன்று, படகு வாடகை, எல்லாம் சேர்த்து நான் தொகையை அவளிடம் சொல்லவே இல்லை. நீயும் சொல்லாதே.

விடுவதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் பெட்டை மீன் கூழாங்கல்லை வாலால் விசிறிக் குழி பறித்து முட்டையிடும் இடத்தில் நின்றுகொண்டு தூண்டில் போடுபவர்களும் உண்டு. குழி பளிச்சென்று வெளுத்துத் தெரியும், காலை வைத்தால் முட்டை நசுங்கும். அணைக்கு அடியில் ஒரு பகுதியில் முட்டையிடும் பருவத்தில் மீன் பிடிக்கவே தடை போடுகிறார்கள். விளையாட்டு என்று பேர் வைத்துக்கொண்டு பிரசவ வீட்டுக்குள் நுழைவது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது உன் கடைசிக் கேள்வி. அந்த ஆற்றுக்கே ட்ரவுட் சொந்தமில்லை, மாதையா. ரெயின்போ அமெரிக்காவின் மேற்குக் கரை ஓர மீன், பிரௌன் ஐரோப்பாவிலிருந்து 1880களில் கொண்டுவந்தது. அணை வருவதற்கு முன்னால் ஒயிட் ரிவர் வெதுவெதுப்பான ஆறு. ஸ்மால்மவுத் பாஸ் என்கிற மீனுக்குப் பேர் போனது, அதைப் பிடிக்கவே நீளமான மரப்படகில் நாள்கணக்காக மிதந்து போவார்களாம். அடித்தண்ணீரின் குளிர் அந்த மீனை அங்கே வாழவிடவில்லை. அதற்கு ஈடாகத்தான் 1957இல் பக்கத்து நார்ஃபோர்க் அணைக்குக் கீழே அரசாங்கமே மீன் பண்ணை வைத்து ட்ரவுட் குஞ்சு விட்டது. அதே மாநிலத்தில் கிரீர்ஸ் ஃபெரி என்று இன்னொரு அணை, 1963 அக்டோபரில் கென்னடி வந்து திறந்துவைத்தது. அதற்குக் கீழே லிட்டில் ரெட் ஆற்றில் 1992இல் பிடிபட்ட பிரௌன் ட்ரவுட் 40 பவுண்டுக்கு மேல், பல வருஷம் உலக சாதனையாக இருந்தது. மனிதன் கட்டிய சுவருக்குக் கீழே மனிதன் விட்ட மீன்.

நம் டேமில் ஏன் வளராது என்றால், நமக்குக் குளிர்காலமே இல்லை. அணை எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அடித்தண்ணீர் அந்த ஊர் மார்கழி எவ்வளவு குளிரோ அவ்வளவுதான் குளிரும். உன் அணையில் மார்கழிக் காலையில் கால் நனைத்தால் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது? ட்ரவுட் அதில் பிழைக்காது. தமிழ்நாட்டில் அதற்கு இடம் நீலகிரிதான். 1907லேயே அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்தார்கள், அந்த உயரத்தில் ஓடைகளே குளிர்ச்சி, அணை தயவு வேண்டியதில்லை.

ட்ரவுட் வேண்டும் என்று நாம் ஏன் ஆசைப்பட வேண்டும், அதைத்தான் படகில் உட்கார்ந்து யோசித்தேன். நம் காவிரியில் இருந்த மஹ்சீர் என்கிற பெரிய கெண்டை இன மீன் என்ன குறைச்சல்? காவிரியின் கிளையான கபினியில் 1946இல் மைசூர்க்காரர் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு. அந்தத் திமில் மஹ்சீருக்கு எந்த அறிவியல் பெயர் என்று ஆய்வாளர்கள் உறுதி செய்ததே 2018இல், அதே வருஷம் அழிவின் விளிம்பில் என்று பட்டியலிலும் சேர்த்தார்கள். தூண்டில்காரர்களுக்காக மகாராஷ்டிரத்து லோனாவ்லாவில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீரைக் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள், அது பெருகியது, நம்முடையது குறைந்தது. அங்கே குளிர்ந்த தண்ணீர் செய்ததை இங்கே நல்லெண்ணம் செய்திருக்கிறது. போதாக்குறைக்கு மணல் அள்ளியதும் வெடி வைத்ததும் உண்டு. இப்போது நம் இரண்டு மாவட்டத்துக் காவிரிக்காட்டை 2022இல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே நாம் தூண்டிலோடு போகவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம்.

ஆனால் வீச்சு கற்றது வீணாகக் கூடாது. உங்கள் ஊர் ஏரியில் ஜிலேபியும் கெண்டையும் மேல்தண்ணீரில் பூச்சி எடுக்கிற நேரம் பார்த்துப் போட்டால் கடிக்கும் என்று நினைக்கிறேன். மகன் ஒரு பழைய கம்பும் நரம்பும் கொடுத்துவிட்டிருக்கிறான். இரையை நானே கட்டுவேன். அந்த ஊர்க் கடையில் இந்தியச் சேவல் கழுத்துத் தோல் என்றே பாக்கெட் போட்டு டாலரில் விற்கிறான், வெட்கக்கேடு. பொங்கலுக்கு வரும்போது நீ அறுக்கிற சேவலின் கழுத்து இறகை நனைக்காமல் உரித்து உப்புத் தடவி நிழலில் காயவைத்து எடுத்து வை. செம்பட்டையாக இருந்தால் நல்லது, வால் இறகு வேண்டாம். கறியை உன் வீட்டிலேயே சமைத்துவிடலாம்.

அன்புடன்,
கோவிந்தன்