37ஆம் எண் கையெழுத்தை அடித்துவிடுங்கள்

எங்கள் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் தம்பிக்கும், செயற்குழுவினருக்கும், என்னைப் போல ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டுக் கூட்டத்துக்கு மட்டும் வராமல் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, குக்கர் இரண்டாவது விசில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் செயலாளர் தம்பி கேட்டைத் தட்டினார். கையில் ஒரு பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட நான்கு தாள். “தெருவுக்கு நல்லதுதாம்மா, ஒரே ஒரு கையெழுத்து” என்றார். என் கண்ணாடி உள்ளே இருந்தது. மூன்றாவது விசிலுக்குள் அடுப்பைக் குறைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் போட்டுவிட்டேன். வரிசை எண் 37. எதில் கையெழுத்துப் போட்டேன் என்பதை, சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் மனுவைப் படம் எடுத்துப் போட்ட பிறகுதான் படித்தேன்.

ஹாரன் சத்தம், தூசி, குழந்தைகளுக்கு ஆபத்து, காரை வெளியே எடுக்க முடியவில்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் “வெளியாட்கள் நடமாட்டம் அதிகரித்துவிட்டது” என்று மனு முடிகிறது. ஆகவே தெருவுக்குள் வரும் சிற்றுந்தை நிறுத்தி மெயின் ரோட்டோடு திருப்பிவிட வேண்டுமாம். பிள்ளையார் கோயிலுக்கு எதிரே இருக்கும் ஸ்டாப்பிங்கையும் எடுத்துவிட வேண்டுமாம்.

அடுத்த கூட்டத்துக்கு வந்தேன். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியும் மிக்சர் தட்டுமாக உட்கார்ந்திருந்தபோது, “பஸ்ஸை நிறுத்திட்டா அதுல வர்றவங்க எப்படி வருவாங்க?” என்று கேட்டேன். “உங்களுக்கென்ன மேடம் கவலை, உங்க பையன்தான் கார் வெச்சிருக்காரே” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. அங்கே வாயில் வராததை இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். முன்பு அவர் குடும்பம் சென்னைக்குள்ளேயே ஆற்றோரத்தில் இருந்தது. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கரையோரக் குடிசைகளை எடுத்தபோது, அவர்களுக்கு எட்டு அடுக்குக் கட்டடத்தில் ஒரு வீடு ஒதுக்கி அனுப்பிவைத்தார்கள். வீடு ஊர்க்கோடிக்குப் போய்விட்டது, வேலை மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. காலையில் இருட்டோடு கிளம்பி வேளச்சேரி விஜயநகரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து நம் தெரு சிற்றுந்து. முதல் பஸ் வெள்ளை போர்டு, அதாவது சாதாரணக் கட்டணப் பஸ். 2021 மே 8 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. நம் மனு பலித்தால் அவர் விஜயநகரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆளுக்கு 20 ரூபாய், போக வர 40. மாதம் 26 நாள் வேலை, 1,040 ரூபாய். எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் 888இல் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் அவர் சம்பளம் கூட்டிக் கேட்பார். “இவங்களுக்கெல்லாம் எவ்வளவு கொடுத்தாலும் பத்தாது” என்று அதே வாட்ஸ்அப் குழுவில் நாம் எழுதுவோம்.

உண்மையைச் சொன்னால் நானே அந்தப் பஸ்ஸில் ஏறி வெகுநாளாகியிருந்தது. மனுவைப் படித்த பிறகு ஒரு வாரம், அந்த வெளியாட்கள் யார் என்று பார்ப்பதற்காகவே, விடியற்காலையில் மகனை விஜயநகரத்தில் இறக்கிவிடச் சொல்லி ஆறரை மணி வண்டியில் திரும்பி வந்தேன். (பஸ் ஏறுவதற்குக் காரில் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.) மூலை அடுக்குமாடியில் காவல் மாற்ற வரும் பெரியவர் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். ஸ்டாப்பிங் வந்ததும் கண்டக்டரே தோளைத் தட்டி எழுப்புகிறார். பூக்காரம்மா கூடையைக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு வழியிலேயே ஒரு முழம் கட்டி முடித்துவிடுகிறார். அவரிடம் மல்லி வாங்காத வீடு நம் தெருவில் எது? தலைவர் சார் வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியம்மாவைக் குளிப்பாட்டித் தலைவாரிவிடும் பெண்ணும் அதே வண்டியில்தான் வருகிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். அந்தப் பெண் பத்து நிமிஷம் தாமதித்தால் வீடே தலைகீழாகிவிடும் என்று உங்கள் வீட்டம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எட்டு மணி வண்டியில் பள்ளிப் பிள்ளைகள் இறங்கி ஏறுகிறார்கள். பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்காரர் போன்றவர்கள். அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து டோக்கன் என்று 2016இல் கொடுக்க ஆரம்பித்தார்களே, அதை அவர் எண்ணி எண்ணிச் செலவழிப்பார். மாதக் கடைசியில் இரண்டு மிச்சமிருந்தால் வீணாகிவிடுமே என்று எங்கேயாவது கிளம்பிவிடுவார். அவரையும் வெளியாள் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

சத்தம், தூசி என்கிறீர்கள். சரி. கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை தண்ணீர் லாரி நம் தெருவுக்குள் வருகிறது? 12,000 லிட்டர் லாரி ரிவர்ஸில் வரும்போது போடுகிற சத்தத்தில் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சிந்தி ரோட்டைப் பெயர்ப்பதும் அதுதான். தண்ணீர் லாரியை நிறுத்தச் சொல்லி யாராவது மனு எழுதினால் நாம் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டோம், ஏனென்றால் அது நம் தொட்டிக்கு வருகிறது. கேஸ் சிலிண்டர் வண்டி, ஸ்கூல் வேன், கூரியர், பத்து நிமிஷத்தில் கொத்தமல்லி கொண்டுவரும் பைக் என்று எல்லாம் வரலாம். நமக்குச் சாமான் கொண்டுவந்தால் சத்தம் காதில் விழுவதில்லை. ஆட்களைக் கொண்டுவந்தால்தான் விழுகிறது.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு பழங்கதை சொல்ல வேண்டும். சென்னையில் சிற்றுந்து ஓட ஆரம்பித்தது 2013 அக்டோபரில். முதல் கட்டமாக 50 வண்டிகள். பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்களுக்காகவே வந்தவை. அவற்றின் பக்கவாட்டில் வரைந்திருந்த பச்சை இலை வெறும் இலையா, கட்சிச் சின்னமா என்று வழக்கு வரை போனது; 2014 தேர்தல் சமயத்தில் இலைகளை மூடி மறைக்கச் சொன்னார்கள். இலை எப்படி இருந்தால் நமக்கென்ன, வண்டி நம் தெருவுக்கும் வர வேண்டும் என்று அன்றைக்கு நடையாய் நடந்து மனு கொடுத்தது வேறு யாருமில்லை, இதே சங்கம்தான். முதல் நாள் வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கேசரி கொடுத்தோம். கேசரி என் வீட்டுக் கேசரி. அன்றைக்கு நம்மில் பாதிப் பேரிடம் கார் இல்லை.

இப்போது பஸ்ஸால் காரை எடுக்க முடியவில்லை என்கிறோம். நான் பார்த்தது நேர் எதிர். நான் பஸ்ஸில் வந்த அந்த வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டி முனையில் வண்டி மாட்டிக்கொண்டது. அங்கே உறை போட்ட ஒரு கார் நிற்கிறது, யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். அது நகர்ந்து எத்தனை நாளாயிற்றோ, உறைக்கு அடியில் ஒரு பூனை இரண்டு ஈடு குட்டி போட்டுவிட்டது. எதிர்ப்பக்கம் இரண்டு பைக், ஒரு இஸ்திரி வண்டி. கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் “வா வா வா… ஹோல்டான்!” என்று கத்த, டிரைவர் முன்னும் பின்னுமாக ஐந்து தடவை ஒடித்துத் திருப்பினார். அந்த ஹாரனும் அந்தக் கத்தலும்தான் மனுவில் முதல் பத்தி. கார் அங்கே இல்லையென்றால் அந்தப் பத்திக்கே வேலையில்லை.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் அழகில்லை. என் மகன் காரும் தெருவில்தான் நிற்கிறது. வீடு கட்டும்போது கார் ஷெட் என்று ஒன்று விட்டோம், பிளானிலும் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு ஷட்டர் போட்டுத் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். நம் தெருவில் இப்படி ஷெட்டை வாடகையாக்கிக் காரைத் தெருவில் விட்டிருக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்தேன், இரண்டு கை விரல்கள் போதவில்லை. நிறுத்திவிட்டேன்.

கூட்டத்தில் பொருளாளர், “மெயின் ரோடு என்ன தூரம், அரை கிலோமீட்டர்தானே, நடந்தா உடம்புக்கு நல்லது” என்றார். நடந்து பார்த்தேன் சார். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு கார் ஏற்றுவதற்குப் போட்ட சரிவுகள் அதைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. ஒரு சரிவில் ஏறி இறங்கினால் அடுத்தது டிரான்ஸ்பார்மர், அதைத் தாண்டினால் மழைநீர் வடிகாலின் மூடி பிளந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு யார்தான் நடைபாதையில் நடப்பார்கள்? ரோட்டில் இறங்குகிறோம், பின்னால் பைக்காரர் ஹாரன் அடிக்கிறார். ஐப்பசி மழையில் எது ரோடு, எது வடிகால் என்றே தெரியாது. எனக்கு 61 வயது, மூட்டு வலி. அந்த அரை கிலோமீட்டருக்கு இருபது நிமிஷம் ஆனது. மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களுக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். நம் ஆட்கள் குடும்பத்தோடு போய்ப் படமெடுத்துக்கொண்டு, “என்னமா போட்டிருக்கான் பாருங்க, சிங்கப்பூர் மாதிரி” என்றார்கள். திரும்பி வந்து சரிவில் காரை ஏற்றி நிறுத்தினார்கள்.

செயலியில் ஆட்டோ கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று ஒரு தம்பி சொன்னார். கூப்பிடலாம். “எங்கம்மா டிராப்?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில்தான் என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. அரசு 2013இல் போட்ட கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அந்தக் காசுக்கு இந்தச் சந்துக்குள் வந்து மாட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

ரயில் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர்தான். அதுவரை தடத்தை நீட்ட 2008இல் வேலை தொடங்கி, கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வருஷக்கணக்கில் தூண்கள் வெறுமனே நின்றதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எத்தனை ரயில் விட்டாலும் அது நம் வாசலுக்கு வரப்போவதில்லை. வாசலுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருப்பது இந்தச் சின்ன வண்டி ஒன்றுதான். ஒரு தடம் வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுத்தால், வண்டி தட்டுப்பாட்டில் இருக்கும் அதிகாரிக்கு அது வசதியாகப் போய்விடும். எடுத்த வண்டி வேறு பேட்டைக்குப் போய்விட்டால் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2013இல் அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறோம்.

மனு இன்னும் போக்குவரத்துக் கழகத்துக்குப் போகவில்லை, செயலாளர் தம்பி வீட்டு மேசையில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முடிந்தால் அதைக் கிழித்துவிடுங்கள். முடியாதென்றால் 37ஆம் எண்ணை மட்டுமாவது அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் கையெழுத்து வேண்டுமென்றால் வருகிறேன், இந்தத் தடவை கண்ணாடியோடு. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு மனு எழுதலாம்: தண்ணீர்த் தொட்டி முனையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஒரு போர்டு வேண்டும், வடிகால் மூடியைச் சரிசெய்ய வேண்டும், ஸ்டாப்பிங்கில் நிழலுக்கு ஒரு கூரை வேண்டும், ராத்திரி எட்டரைக்கு அப்புறம் இன்னும் ஒரு நடை வேண்டும். கடைசி வண்டியை விட்டுவிட்டு, இருட்டில் மெயின் ரோட்டிலிருந்து நடந்து வரும் பெண்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

தையல்காரரிடம் பேசிவிட்டேன். தீபாவளி வரை கடை இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார், துணி நிறைய வாங்கிவிட்டாராம். அதற்கப்புறம் ஷெட்டுக்குள் கார் போகும். அதுவரை மகன் காரைக் கோயில் பக்கம் இருக்கும் காலி மனையில் மாத வாடகைக்கு விடுகிறான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

நடைபாதைக்கு நீட்டியிருக்கும் எங்கள் வாசல் சரிவை இடிக்க வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொத்தனார் வருகிறார். அன்றைக்குத் தூசி பறக்கும். பக்கத்து வீட்டார் மாடியில் வடகம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
37ஆம் எண்